பாலத்துக்கு அந்தப் பக்கம்

நவம்பர் 2, ஞாயிறு

மூன்று வாரம் யோசித்து வைத்த பாலம் பதினைந்து நிமிடத்தில் வீணாய்ப் போனது.

ஞாயிற்றுக்கிழமை என்ன விளையாடுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். நான் ஒரு கதையை ஆரம்பித்து வைப்பேன். மற்ற மூன்று பேரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக இருப்பார்கள். வழியில் என்ன வருகிறது என்று நான் சொல்வேன்; அங்கே என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்போம்; பெரிய எண் விழுந்தால் நடக்கும். அவ்வளவுதான். கேட்டவர்கள் எல்லோரும் "பெரியவங்களா இதை ஆடறீங்க?" என்பார்கள்.

ஆடுகிறவர்கள் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி, அண்ணி கோகிலவாணி, அப்புறம் பம்ப் கம்பெனி டிராயிங் பிரிவில் எனக்குப் பக்கத்து நாற்காலி ஜெசிந்தாக்கா. கதைக்குள் அண்ணன் மாறன் என்கிற காவல்காரர். அண்ணி செம்பி என்கிற வைத்தியச்சி. நிஜத்தில் அண்ணி நர்ஸ்தான், அதனால் வசதி. ஜெசிந்தாக்கா கொக்கி என்கிற திருடி.

இன்றைக்கு மூவரும் மலைப்பாதையில் வந்தார்கள். எதிரே தொங்குபாலம். பாதிப் பலகைகள் இல்லை. நடுவில் ஒரு பூதம். கீழே முதலைகள். எந்தப் பலகை எத்தனை கிலோ தாங்கும் என்றுகூடக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஜெசிந்தாக்கா கேட்டார்: "பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு என்னல இருக்கு?"

"காடு."

"காட்டுக்குள்ள?"

"போனாத்தானேக்கா தெரியும்."

"அப்போ நான் போகல. பூதத்துக்கு ஒரு வணக்கத்தப் போட்டுட்டுத் திரும்புதேன்."

"நமக்கெதுக்கு கண்ணு வம்பு" என்று அண்ணனும் திரும்பிவிட்டார். கதைக்குள் மூன்று பேரும் ஒரு சத்திரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கதைக்கு வெளியே அண்ணி வெங்காய பஜ்ஜி போட்டார். முதலைகளுக்குத் தலையை வெளியே நீட்டக்கூட வேலை வரவில்லை.

எங்கே தப்பு? பூதம் பயமாக இல்லையா?

மாத்திரை போட்டாயிற்று.

நவம்பர் 3, திங்கள்

வழக்கம்போல் அண்ணன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அலுவலகம். சிக்னலில் நின்றபோது, பூதத்துக்கு இன்னொரு தலை வைக்கலாமா என்று கேட்டேன். "வைய்யி சாமி" என்றார். அவருக்கு எதை வைத்தாலும் சரிதான்.

நவம்பர் 5, புதன்

சாப்பாட்டு நேரத்தில் ஜெசிந்தாக்காவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். இரண்டு தலை வைத்தால் வருவீர்களா என்று.

"பத்து தல வச்சாலும் வரமாட்டேன். இங்க கேளு. தூத்துக்குடில எங்க வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல ஒரு ரயில்வே கேட் உண்டு. பரிச்சை அன்னைக்கு அது மூடுச்சுன்னா உயிரே போவும். லீவு நாள்ல மூடுச்சுன்னா நின்னு பெட்டிய எண்ணுவோம். கேட்டு ஒண்ணுதாம்ல. என்ன, வெளங்குதா?"

விளங்கியது மாதிரி இருந்தது. மத்தியானம் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் ஒன்றை வரைந்துகொண்டிருந்தபோது மறுபடி விளங்காமல் போய்விட்டது. கேட்டைத்தானே என்னால் வரைய முடியும்? அவர்களுக்கு என்றைக்குப் பரீட்சை என்று எனக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 9, ஞாயிறு

கேட்டுவிட்டேன். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. உங்கள் ஆளுக்கு இந்தக் கதையில் என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொன்னேன்.

ஜெசிந்தாக்கா: "ராசா மூஞ்சிக்கு நேரே நின்னு ஒரே ஒரு வார்த்தை திட்டணும்." எந்த வார்த்தை என்று சொல்லமாட்டாராம்.

அண்ணி பேனாவை எடுத்ததும் எழுதிவிட்டார். "கப்பல் ஏறோணும். அக்கரைத் தீவுக்குப் போகோணும். செம்பியோட வைத்தியத்துக்கு அங்கதான் மதிப்பு." அக்கரைத் தீவு என்று ஒன்று நான் வைக்கவே இல்லை. அவராகவே உண்டாக்கிவிட்டார்.

அண்ணன் பத்து நிமிடம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் "எல்லாரும் இப்படியே இருக்கோணும்" என்று எழுதினார்.

"இது இப்பவே நடந்துட்டுத்தானேண்ணா இருக்கு? இதுக்கு நான் எங்க போயி தடை வைக்கறது?"

அண்ணி சிரித்தார். "அவருக்கு வேண்டினது கெடச்சிருச்சு தம்பி. ஆட்டமே வேண்டாம்."

அண்ணன் சீட்டைப் பார்த்தபடியே இருந்தார். அண்ணி சொன்னது கேலிதான். ஆனால் கேலிக்கு யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

எப்படியோ, இரண்டு பேருக்காவது எங்கே கேட் போடுவது என்று தெரிந்துவிட்டது.

நவம்பர் 12, புதன்

அண்ணிக்கு இருமல். கதவைச் சாத்திக்கொண்டு "இஹ்... இஹ்..." என்று கால்மணி நேரமாக. சனிக்கிழமை தோறும் ஆஸ்பத்திரியில் என்னமோ ட்ரெயினிங் என்று போகிறார். ஏசியில் உட்கார்ந்து தொண்டை கட்டியிருக்கும். சுக்கு காபி போட்டுக் கதவைத் தட்டினேன். கழுத்தில் ஹெட்போனோடு வந்து திறந்தார். டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கா போட்டீங்க?"

"இருமல் சத்தம் கேட்டுது."

"இருமல் இல்ல தம்பி" என்றார். ஆனாலும் நின்ற இடத்திலேயே முழுசாகக் குடித்தார். கண் கலங்கியிருந்தது. சுக்கு காரம் அதிகமாகிவிட்டது போல.

நவம்பர் 16, ஞாயிறு

இப்படி ஓர் ஆட்டம் இதுவரை நடந்ததே இல்லை!

துறைமுகத்தில் ஆரம்பித்தேன். அக்கரைத் தீவுக்குக் கப்பல் நிற்கிறது. துறைத்தலைவர் முத்திரை வைத்த ஓலை இருந்தால்தான் மாலுமி ஏற்றுவான். துறைத்தலைவர் யாரையும் பார்ப்பதில்லை; மூன்று மாதமாக அவர் மகளுக்கு விடாத காய்ச்சல். அடுத்த வாரம் கப்பலைப் பார்வையிட ராஜாவே வருகிறார். கப்பல் அண்ணிக்கு. ராஜா ஜெசிந்தாக்காவுக்கு. அண்ணனுக்கு என்ன வைப்பது என்று தெரியாததால் ஒன்றும் வைக்கவில்லை.

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டே ஆடினார். மகள் என்ன சாப்பிடுகிறாள், நகம் என்ன நிறம், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று என்னைக் குடைந்தார். பகடையில் நான்கு விழுந்தது. மருந்து பலிக்கவில்லை. பாலத்தில் திரும்பிய அதே அண்ணி இன்று திரும்பவில்லை. ஜெசிந்தாக்காவின் கொக்கியைக் கிணற்றுக்குள் இறங்கிப் பார்க்கச் சொன்னார், பாசியை எடுத்து வரச் சொன்னார், மறுபடி உருட்டினார். பதினேழு! ஓலை கைக்கு வந்ததும் கை தட்டினார். அண்ணி கை தட்டி நான் பார்த்ததில்லை.

அதுவரை பேசாமல் இருந்த அண்ணன் சொன்னார்: "மாறன் அந்த ஓலைய வாங்கிப் பாக்கறான்."

"பாருங்க" என்றார் அண்ணி.

"கிழிச்சுப் போடறான்."

"அதுக்கு உருட்டோணும்ணா" என்றேன். உருட்டினார். பத்தொன்பது.

அண்ணி குக்கரைப் பார்க்கிறேன் என்று எழுந்து போனார். அடுப்பில் குக்கர் இல்லை. ஜெசிந்தாக்கா செருப்பை மாட்டிக்கொண்டே, "கொஞ்ச நாளைக்குக் கப்பல வெளிய எடுக்காத, என்ன?" என்றார்.

ஏன் எடுக்கக் கூடாது? அண்ணன் இத்தனை மாதத்தில் முதல்தடவையாக ஒரு காரியம் செய்திருக்கிறார்.

நவம்பர் 17, திங்கள்

காலையில் யாரும் பேசவில்லை. மாவு புளித்துவிட்டது என்று மட்டும் அண்ணி சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நவம்பர் 20, வியாழன்

கத்திரிக்கோல் தேடி டிராயரைத் திறந்தேன். அண்ணியின் புகைப்படங்கள், ஒரே மாதிரி எட்டு. வெள்ளைப் பின்னணி, சிரிப்பில்லாத முகம், காது தெரிகிற மாதிரி இழுத்துச் சீவிய தலை. எதற்கு என்று அண்ணனைக் கேட்டேன். "ரேஷன் கார்டுக்கு" என்றார். பொய் சொன்னால் அண்ணனுக்குக் காது சிவந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ரேஷன் கார்டில் பொய் சொல்ல என்ன இருக்கிறது?

நவம்பர் 23, ஞாயிறு

ஆட்டம் இல்லை. அண்ணிக்குத் தலைவலியாம். செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் ஆஸ்பத்திரி வேலையாகச் சென்னை போகிறார். இரண்டு புடவையைக் காட்டி எது நல்லா இருக்கு என்று கேட்டார். பச்சை என்றேன். கிழிந்த ஓலைக்குப் பதில் இன்னொரு வழி இருக்கவேண்டுமே என்று கடலோர வரைபடம் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றாக வருகிறது.

நவம்பர் 28, வெள்ளி

நான்கு நாளாக எழுதவில்லை. செவ்வாய் காலை குளியலறை வாசலில் அது வந்தது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு. நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கிறது. ரசம் சாதம் மட்டும் இறங்குகிறது.

கண் விழித்தபோது அண்ணி என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் கையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பச்சைப் புடவை முழுக்க ஈரம்.

"ரயில்?" என்று கேட்டேனாம்.

"போனாப் போகுது தம்பி."

அண்ணன் யாரையும் பார்க்காமல் "நல்லவேளை" என்றார். எது நல்லவேளை என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அண்ணி வீட்டில் இருக்கும்போது வந்ததையா? அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை மட்டும் நினைவிருக்கிறது.

மாத்திரை டப்பாவில் ஞாயிறும் திங்களும் காலியாகவில்லை. வரைபடத்தில் மறந்திருப்பேன். அண்ணியும் அதைப் பார்த்தார்.

டிசம்பர் 2, செவ்வாய்

ஜெசிந்தாக்காதான் சொன்னார்.

அண்ணிக்கு ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. சனிக்கிழமை ட்ரெயினிங் என்பது அந்த ஊர் மொழி வகுப்பு. நான் இருமல் என்று நினைத்தது பாடம்; அந்த மொழியில் 'இஹ்' என்றால் 'நான்' என்று அர்த்தமாம். அக்காவின் சித்தி மகள் அங்கே நர்ஸ். அவள் மூலமாகத்தான் எல்லாம். போன செவ்வாய்க்கிழமை சென்னையில் விசாவுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

"எனக்கு யாரும் சொல்லல."

"உங்கண்ணன் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. நீ மனசு ஒடஞ்சா ஒனக்கு அது வந்துருமாம்."

"அண்ணனும் போறாரா?"

அக்கா டிபன் பாக்ஸை மூடினார். "உங்கண்ணி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரு வருசம் ஆச்சு. 'தம்பிய விட்டுட்டு எப்படி வருவேன்'னு ஒரே பாட்டு. தப்பா நெனைக்காத. நீ தெரிஞ்சுக்கிடணும்னுதான் சொல்லுதேன்."

மத்தியானம் ஒரு பம்புக்குத் தண்ணீர் உள்ளே போகும் வாயையும் வெளியே வரும் வாயையும் இடம் மாற்றி வரைந்துவிட்டேன். பார்த்தவர் யாரும் இல்லை. நானே அழித்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

இருவரும் என் முன்னால் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். பால் வந்துவிட்டதா, கேஸுக்குச் சொல்லியாயிற்றா. எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. கோபமா, பயமா, என்ன வருகிறது எனக்குள் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடை தயார் செய்திருக்கிறேன். பூதம் இல்லை, முதலை இல்லை. இந்தத் தடவை மூன்று பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் போக முடியாது. ஆட்டத்துக்காகத்தான்.

டிசம்பர் 7, ஞாயிறு

கப்பல் நாளைக் காலை கிளம்புகிறது என்றேன். ஓலை வேண்டாம், மாலுமி மனம் மாறிவிட்டான், செம்பியும் மாறனும் ஏறிக்கொள்ளலாம் என்றேன். அண்ணன் நிமிர்ந்தார்.

"கரையில ஒரு குடிசை. உள்ள மாறனோட தம்பி படுத்திருக்கான். இருபத்தெட்டு வயசு. எப்ப விழுவான்னு சொல்ல முடியாத நோய். மாறன் போனா அவனுக்கு யாரும் இல்ல. அவன் மாறனோட காலைப் பிடிச்சுட்டிருக்கான்."

ஜெசிந்தாக்கா "எலேய்" என்று மெதுவாகச் சொன்னார்.

அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. "மாறன் தம்பிகிட்ட உக்காந்துக்கறான்" என்றார். பகடையை நான் நீட்டுவதற்கு முன்பே. நான் நினைத்தது அப்படியே நடந்தது. நன்றாக வேலை செய்கிற தடை. எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை?

அண்ணி இந்தத் தடவை எழுந்து போகவில்லை. கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, எங்களுக்கெல்லாம் என்ன வேணும்னு கேட்டு எழுதி வாங்குனீங்க. படுத்திருக்கறவனை யாரும் கேக்கலையே. செம்பி கேக்கறா. உனக்கு என்னப்பா வேணும்?"

கதையில் மற்ற ஆட்கள் எல்லோருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அதுதான் விதி. துறைத்தலைவருக்கு, மாலுமிக்கு, பூதத்துக்குக்கூட நான் பேசியிருக்கிறேன். இவனுக்கு வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவனுக்கு அண்ணன் கால் வேண்டும் என்பதைத் தாண்டி அவனைப் பற்றி நான் எதையுமே யோசித்து வைக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போகக் கூடாது" என்றேன். அது அவன் குரல் இல்லை.

அண்ணன் "யாரு சொன்னா இவனுக்கு?" என்று ஜெசிந்தாக்காவைப் பார்த்தார். "நாந்தான்" என்றார் அக்கா. "எத்தன நாளைக்கு மறைப்பிய?"

அண்ணி அந்தப் பேச்சுக்குப் போகவில்லை. "சரி. அவன் கேக்கறதுல தப்பில்ல. இத்தனை வருசம் ஒண்ணா இருந்தவங்க இருக்கோணும்னுதான் கேப்பான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா செம்பி கப்பலுக்குத்தான் போறா."

பழக்கதோஷத்தில் பகடையை அவர் பக்கம் தள்ளினேன்.

"வேண்டாம் தம்பி. சந்தேகம் இருந்தாத்தானே உருட்டோணும்?"

அதற்கப்புறம் ஆட்டம் நடக்கவில்லை. அண்ணி உப்புமா கிண்டினார். நான்கு பேரும் சாப்பிட்டோம். உப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

இனிமேல் பஸ்ஸில் போகிறேன் என்றேன். பஸ்ஸில் ஜெசிந்தாக்கா இடம் போட்டு வைத்திருந்தார். மூன்றாவது நிறுத்தத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், பஸ்ஸுக்குப் பின்னால் அண்ணனின் வண்டி. பஸ் நின்றால் அவரும் நிற்கிறார், கிளம்பினால் கிளம்புகிறார். நான் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். கம்பெனி வாசலில் இறங்கியபோது எதிர்ப்பக்கம் பெட்ரோல் பங்கில் நின்று, பெட்ரோல் போட வந்தவர் மாதிரி டேங்க் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

டிசம்பர் 10, புதன்

அந்த வார்த்தையை இந்த நோட்டில் நான் எழுதியதே இல்லை. வலிப்பு. எனக்குப் பதினாறு வயதிலிருந்து வலிப்பு நோய் இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் வருவதில்லை. இதைத் தனியாகவே டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். தனியாகப் போனது இதுதான் முதல்தடவை. தனியாக வசிக்கலாமா என்றும் கேட்டேன். கூட இன்னொருவர் இருந்தால் நல்லது, அது அண்ணனாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை என்றார்.

சாயங்காலம் அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். ஜெசிந்தாக்கா வீட்டு மாடியில் எங்கள் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், மூன்றாவது ஆள் தேடுகிறார்கள். மாத்திரைக்குப் போனில் அலாரம் வைத்துவிட்டேன். நீங்கள் அண்ணியோடு போகலாம்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி "சரி" என்பார் என்று காத்திருந்தேன்.

"வீட்டை யாரு சாமி பாக்கறது?"

"பூட்டிரலாம்ணா."

"ஒர்க்‌ஷாப்புல திடீர்னு எப்படிச் சொல்றது? பதினஞ்சு வருசமா சூப்பர்வைசரு."

"ஒரு மாசம் முன்னால சொன்னாப் போதும்."

"அங்க குளுரு தாங்காது."

"ஸ்வெட்டர் போட்டுக்கலாம்."

ஒன்றை எடுத்து வைத்தால் இன்னொன்று முளைக்கிறது. என் பாலத்தில்கூட இவ்வளவு தடை இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான்தான் காரணம்னு அண்ணிகிட்ட ஒரு வருசமாச் சொல்லிட்டிருந்தீங்களே!"

அவர் ரொம்ப நேரம் கையில் இருந்த கிரீஸ் கறையைத் தேய்த்தார்.

"அவ நர்ஸு. அவளைக் கூப்பிடறாங்க. என்னை யாரு கூப்பிட்டா? முப்பத்தெட்டு வயசுல அங்க போயி எழுத்துக்கூட்டிப் படிக்கோணும். கடையில ஒரு ரொட்டி கேக்கறதுக்கு அவளைப் பாத்துட்டு நிக்கோணும். எனக்குப் பயமா இருக்குடா."

ஆக, நான் இல்லை. பன்னிரண்டு வருடமாக அண்ணனின் வாழ்க்கைக்குக் குறுக்கே நான் படுத்திருக்கிறேன் என்று நினைத்துத்தான் தினமும் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அது இல்லையென்று தெரிந்தால் நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்? கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கிறது. இது என்ன மாதிரியான மனசு?

டிசம்பர் 14, ஞாயிறு

ஆட்டம் இல்லை. அண்ணி வாய்விட்டுப் பாடம் படிக்கிறார். கதவு திறந்திருக்கிறது.

ஜனவரி 21, புதன்

சென்னையில் மறுபடி நேரம் கிடைத்து, அண்ணனும் கூடப் போயிருக்கிறார். இரண்டு நாளாக வீட்டில் நான் மட்டும். ஜெசிந்தாக்கா காலையும் சாயங்காலமும் போன் செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. பால் ஒரு தடவை பொங்கி வழிந்தது. துடைத்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அண்ணிக்கு விசா வந்துவிட்டது. அண்ணன் தெருமுனைக் கடைக்கு ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். எல்லோருக்கும் கொடுத்தார். தான் சாப்பிடவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

விமான நிலையம். இரண்டு பெட்டி. எடை பார்த்து எடை பார்த்து, பருப்புப் பொடியில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் வாடகைக் காருக்குப் பணம் கொடுக்கப் போன நேரத்தில் அண்ணி என்னிடம் சொன்னார்: "அவரு வர்றதும் வராததும் அவரு பாடு. நீங்க நடுவுல நிக்காதீங்க தம்பி. பின்னால இருந்து தள்ளியும் விடாதீங்க."

"வராமலே இருந்துட்டா?"

"எனக்கும் அந்தப் பயம் இருக்கு. அதுக்காக நான் போகாம இருக்க முடியுமா, சொல்லுங்க?"

தலையை ஆட்டினேன், எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாமல்.

உள்ளே போகும்போது அண்ணன் "போயிட்டுப் பேசு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண்ணாடிக் கதவு மூடிய பிறகும் அரைமணி நேரம் அங்கேயே நின்றோம்.

மார்ச் 29, ஞாயிறு

அண்ணனிடம் சொன்னபடியே ஜெசிந்தாக்கா வீட்டு மாடி போர்ஷனுக்கு வந்து ஒரு வாரம். கூட இருக்கிறவர்களில் ஒருவர் திருநள்ளாறு, இன்னொருவர் அரியலூர். வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று நானே உட்காரவைத்துச் சொன்னேன். கையில் சாவிக்கொத்தைக் கொடுக்காதீர்கள் என்றதும், "அப்ப சினிமால காட்டறதெல்லாம்?" என்றார் அரியலூர்க்காரர். சிரித்துவிட்டோம்.

அண்ணன் வீட்டில் தனியாக இருக்கிறார். தினம் சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன். அண்ணி கூப்பிட்டால் "சாப்பிட்டியா, குளுருதா" என்று கேட்டுவிட்டு என்னிடம் போனைக் கொடுத்துவிடுகிறார்.

ஏப்ரல் 18, சனி

அண்ணன் வண்டிக் கவரில் ஸ்குரூடிரைவர் தேடினேன். ஒரு நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் ஒன்று முதல் இருபது வரை தமிழ் எழுத்தில் ஜெர்மன் எண்கள். "ஐன்ஸ், ஸ்வை, த்ரை." ஒவ்வொன்றும் பத்துத் தடவை. துணைவர் விசாவுக்கு மொழித் தேர்வு எழுத வேண்டும் என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள்.

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது.

மே 10, ஞாயிறு

ஜெசிந்தாக்கா, மாடிக்காரர்கள் இரண்டு பேர், நான். புதுக் கதை. ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேசினேன். அரியலூர்க்காரரின் ஆளுக்குக் காணாமல் போன அக்காவைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டால், ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது என்றார். கதையிலா, நிஜத்திலா என்று நான் கேட்கவில்லை. பேசி முடித்ததும், இந்தத் தடவை எனக்கும் ஒரு ஆள் வைத்துக்கொண்டு, கதைசொல்லும் வேலையை ஜெசிந்தாக்காவிடம் கொடுத்தேன். என் ஆளுக்கு என்ன வேண்டும் என்று அக்கா கேட்டார். ஒரு வாரம் நேரம் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 24, புதன்

சாயங்காலம் நான் போனபோது அண்ணன் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கையில் போன்.

"என்னண்ணா?"

"பரிச்சை எழுதியிருந்தேன் சாமி. உன்கிட்டச் சொல்லல. ரிசல்ட் வந்துருச்சு. ஆறு மார்க்குல போச்சு."

"ஆறுதானேண்ணா..."

"காதுல கேட்டு எழுதறதுல போச்சு. அவங்க மடமடன்னு பேசறாங்க. ரயில் எத்தனை மணிக்குன்னுதான் கேள்வி. எனக்குத் தெரியும்டா அது. தெரிஞ்சும் விட்டுட்டேன்."

அழ ஆரம்பித்தார். அப்பா இறந்தபோது எனக்காக அடக்கிக்கொண்டு நின்றவர். அண்ணி போன அன்றும் அழாதவர். ரயில் நேரம் ஒன்றைத் தவறவிட்டதற்காக, முப்பத்தெட்டு வயதில், பள்ளிக்கூடப் பையன் மாதிரி தேம்பினார். பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அப்புறம் அவராகவே அண்ணியைக் கூப்பிட்டார். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

"வாணி, பெயிலாயிட்டேன். இல்ல, கேளு. மறுபடி எழுதறேன். ஆகஸ்ட்ல இருக்காமா. எனக்கு அங்க வரோணும் வாணி."

அந்தப் பக்கம் அண்ணி என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தனக்கென்று ஒன்று வேண்டும் என்று அண்ணன் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன். அவர் அழுத முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. அதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று சமையலறைக்குப் போய்த் தோசைக்கல்லை வைத்தேன்.

"நான் ஊத்தறேன், நீங்க படிங்கண்ணா" என்று அங்கிருந்தே சத்தம் போட்டேன்.

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கேதான்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு பக்கத்தைப் புரட்டும் சத்தம். முதல் தோசை கல்லில் ஒட்டிப் பிய்ந்துவிட்டது. அதை நான் சாப்பிட்டுவிட்டு, இரண்டாவதை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.